எட்டு பி-யில் ஒரு நாடுகடத்தல்

ஜனநாயகம் என்பது இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் ஏதென்ஸ் நகரத்து மலைச்சரிவில் பிறந்து, கடல்களையும் பேரரசுகளையும் கடந்து, மனித குலத்தின் நெற்றியில் அணையாத் தீபமாய் ஒளிர்வது. அது மைசூர் பன்னிமண்டபத்துப் பள்ளிக்கூடம் ஒன்றின் எட்டாம் வகுப்பு பி பிரிவுக்கு வந்து சேர்ந்தபோது, கணக்கு ஆசிரியர் கிருஷ்ணராஜ் அதன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"எழுந்திருங்க சார். இது என் பீரியட்," என்றார் சரித்திர ஆசிரியர் கொர்னேலியஸ்.

"இருந்துச்சு சார். ஹெச்.எம். இன்னிலேர்ந்து கணக்குக்குக் குடுத்துட்டாங்க. நோட்டீஸ் போர்டு பாக்கலியா?"

"அப்ப கிரீஸ்? ரோம்?"

"பசங்களே படிச்சுக்குவாங்களாம். பாடத்துலதான் படம் போட்டிருக்கே."

கொர்னேலியஸ் நேராகத் தலைமையாசிரியை சொர்ணலதாவின் அறைக்குப் போனார்.

"நாட்டுக்கு எஞ்சினியர் வேணும் சார். சீசர் வேண்டாம்," என்றார் அவர். "உங்களுக்கும் வேலை வெச்சிருக்கேன். அந்த நேரத்துல சாப்பாட்டு லைனைப் பாத்துக்கோங்க."

"பிள்ளைங்களைக் கேட்டீங்களா மேடம்?"

"கிரீஸ் வேணும்னு எந்தப் பிள்ளை சார் அழுதுச்சு? சும்மனே வெட்டியா பேசாதீங்க."

இருபது வருஷம் பேரரசுகளை எழுப்பியும் வீழ்த்தியும் வந்த மனிதர், சாம்பார் வாளிக்குக் காவல் நிற்பதா? கொர்னேலியஸ் வகுப்புக்குத் திரும்பினார். படை நடத்தி வருகிறவரைப் போல வந்தார்.

"ஏதென்ஸ்ல வேண்டாத ஆளை எப்படி வெளியேத்துவாங்க தெரியுமா? உடைஞ்ச பானை ஓட்டுல பேரைக் கீறிப் போடுவாங்க. யார் பேர் அதிகமோ, அவர் பத்து வருஷம் ஊர்ப்பக்கம் தலைகாட்டக் கூடாது. திங்கக்கிழமை ஆளுக்கொரு ஓடு கொண்டாங்க!"

திங்கட்கிழமை கிருஷ்ணராஜுக்கு முன்பே வந்து கொர்னேலியஸ் வகுப்பைப் பிடித்துக்கொண்டார்; ஓடுதான் வரவில்லை. மைசூரில் எந்த வீட்டிலும் மண்பானை இல்லை.

"ஸ்டீல் லோட்டா ஆகுமா சார்?" என்றான் ஜோஷுவா.

"அது உடையுமாடா?"

"முயற்சி பண்றேன் சார்."

"வேண்டாம். மண்ணால செஞ்சது ஒண்ணுகூடவா இந்த வளாகத்துல இல்ல? தேடுங்கடா!"

தேடினார்கள். கொஞ்ச நேரத்தில் ஆளுக்கொரு ஓடு வந்தது, நல்ல சிவப்பு ஓடு. கொர்னேலியஸ் பூரித்துப் போனார். ஓட்டில் ஓரமாக ஈரமண் ஒட்டியிருந்ததைக் கவனித்தபோது, ஓடுகள் வாளியில் விழ ஆரம்பித்திருந்தன. தசரா மலர்க் கண்காட்சிக்காகத் தலைமையாசிரியை போர்ட்டிகோவில் வளர்த்த செவ்வந்தித் தொட்டிகள் அவை.

சீக்கிரம் எண்ணி முடித்து, தடயத்தை மறைத்துவிடலாம் என்று அவர் முதல் ஓட்டை எடுத்தார். 'சொர்ணலதா மேடம்' என்றிருந்தது. இரண்டாவதிலும் அதுவே. மூன்றாவதை எடுக்கும்போது சொர்ணலதா மேடமே வாசலில் நின்றார், கையில் வேரோடு ஒரு செவ்வந்தி.

"என்ன சார் இது?"

"ஜனநாயகம் மேடம்."

"என் தொட்டியிலயா?"

"ஏதென்ஸ்லயும் அது யாரோ ஒருத்தர் பானைதான் மேடம்."

"நீங்க ஜெயிச்சா பத்து வருஷம் மேடம்," என்று ஜோஷுவா விளக்கினான்.

"எனக்கு ரிடயர்மெண்டே மூணு வருஷந்தான்டா இருக்கு!" அவர் கொர்னேலியஸ் பக்கம் திரும்பினார். "எல்லார் முன்னாடியும் மன்னிப்புக் கேளுங்க."

"தொட்டிக்குக் கேக்கறேன். ஏதென்ஸுக்காகக் கேக்க மாட்டேன். ஆள் பேர் எழுதினது தப்பு, அழிச்சிடறோம். சப்ஜெக்ட் பேர் எழுதட்டும். சரித்திரம் போகணும்னு இந்த வகுப்பு சொன்னா, நாளைக்கே சாம்பார் வாளி பக்கத்துல நிக்கறேன்!"

வகுப்பு மேசையைத் தட்டியது. தாழ்வாரத்தில் மற்ற ஆசிரியர்கள் கூடிவிட்டார்கள். கூட்டத்தைப் பார்த்ததும் சொர்ணலதாவின் குரல் தானாக உயர்ந்தது.

"சரி! எந்த சப்ஜெக்ட் பேர் அதிகமோ, அது இந்த வருஷம் பூரா எட்டு பி-க்குக் கிடையாது. நானே சொல்றேன்!"

ஜன்னலோரம் கிருஷ்ணராஜ் கைகட்டிச் சிரித்தார்.

ஓடுகள் திரும்பிப் போய், வேறு பெயரோடு வந்தன. முதல் பெஞ்சு மனிஷா எடுத்து வாசித்தாள்.

"கணக்கு. கணக்கு. கணக்கு. பி.டி. கணக்கு. கணக்கு..."

கிருஷ்ணராஜின் கைகள் பிரிந்தன. வாளி காலியானது. சரித்திரம் என்று ஓர் ஓடுகூட இல்லை.

சொர்ணலதா கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்து, செவ்வந்தியை மடியில் வைத்துக்கொண்டார். கொர்னேலியஸ் காலி வாளியை இரு கையாலும் தூக்கிக் காட்டினார்.

"பாருங்க மேடம்! ஏதென்ஸுக்கு எதிரா ஒரு ஓடு உண்டா? பேரரசுகள் போகும் கிருஷ்ணராஜ் சார், ஏதென்ஸ் போகாது! நாளைக்கு ரோம் ஆரம்பிக்கறோம்!"

மனிஷா மட்டும் உட்காராமல் நின்றாள்.

"சார், கணக்கு இல்லன்னா ஹோம்வொர்க்கும் இருக்காதுல்ல?"

"இருக்காதும்மா! இதுதான் விடுதலை!"

"அப்ப உங்க பீரியட்ல இனி நாங்க என்ன எழுதறது சார்? இத்தனை நாளா அதைத்தானே எழுதிட்டிருந்தோம்."