நீக்கப்பட்ட இருமல்

நாவலின் மூன்றாம் பாகத்தின் கடைசி அத்தியாயத்தைப் படித்த மொழிபெயர்ப்பாளர் விருட்டென்று எழுந்தார். எதற்கு எழுந்தோம் என்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தார்.

"என்னாச்சு?" என்றாள் மனைவி.

"கிழவி வந்துட்டா."

"எந்தக் கிழவி?"

"முதல் பாகத்துல நான் வெட்டின கிழவி."

எதிர்கால நகரம் ஒன்றை ஒரு கொடுங்கோலனும் அவனுடைய இயந்திரமும் ஆட்டிப்படைக்கிறார்கள். பதினாறு வயதுப் பெண் எதிர்த்து நிற்கிறாள். இதுதான் கதை. முதல் பாகத்தில் கோபுரம் பெருக்கும் கிழவி ஒருத்தி அடிக்கடி வந்து இருமிவிட்டுப் போனாள். பக்கம் கூடுகிறது என்று பதிப்பாளர் முணுமுணுத்தார். இருமலை எத்தனை தடவைதான் மொழிபெயர்ப்பது என்று இவரும் அவளை அடியோடு தூக்கிவிட்டார். இரண்டாம் பாகத்தில் அவள் பேசியதையெல்லாம் ஒரு சொட்டைத்தலை மெக்கானிக்கின் வாயில் போட்டுச் சமாளித்தார். இரண்டு பாகங்களும் அச்சாகி வெளிவந்தாயிற்று.

இப்போது பார்த்தால், இயந்திரத்தைப் படைத்தவளே அவள்தானாம். அதன் பக்கத்தில் வந்து அவள் இருமினால்தான் அது நிற்குமாம்.

"கிழவியை இப்பக் கொண்டுவந்துட்டாப் போச்சு" என்றாள் மனைவி.

"கடைசிப் பக்கத்துல திடீர்னு ஒரு கிழவி வந்து இருமினா, யாரு இவள்னு அவ கேக்கமாட்டாளா?"

அவள் என்றது அக்கா மகளை. பதினான்கு வயது. இந்த உலகத்தில் அவரை எழுத்தாளர் என்று நம்புகிற ஒரே ஜீவன். புத்தகம் அச்சுக்குப் போகுமுன் அவள்தான் முதலில் படிப்பாள். "எப்படி மாமா முடிக்கப்போறீங்க?" என்று ஓயாமல் ஃபோன் செய்துகொண்டிருந்தவள், இன்று சாயங்காலம் நேரிலேயே வருகிறாள். அவள் முகம் வாடுவதைப் பார்ப்பதைவிட அந்த இயந்திரத்திடமே மாட்டிக்கொள்ளலாம்.

முதலில் இருமலை மெக்கானிக்குக்குக் கொடுத்தார்.

"அவன்தான் அமிலக் குளத்துல விழுந்து செத்துட்டானே. நீங்கதான் படிச்சுக் காட்டி அழுதீங்க."

"பிழைச்சுட்டான்னு வெச்சுக்கலாம்."

"எலும்பைப் பொறுக்கிப் புதைச்சாங்களே?"

எழுதியதை அடித்தார். நாயகியையே இருமவைத்தார். அருமையாக வந்தது.

மனைவி யோசித்தாள். "முதல் பாகத்துல அவளுக்கு ஜலதோஷம். இயந்திரத்துக்குப் பக்கத்துலயே நின்னு விடாம இருமுவா. இயந்திரம் அப்பவே நின்னிருக்கணுமே? அதை ஏன் வெட்டாம விட்டீங்க?"

"அது நாயகியோட இருமல்!"

அதையும் அடித்தார். வேறு வழியில்லாமல் கொடுங்கோலனை இருமவைத்தார். இயந்திரம் நின்றது. சனங்கள் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். நாயகி கை தட்டினாள். எழுதியவருக்குத் தலை சுற்றியது.

"மூணு பாகமா இவங்க யாரை எதிர்த்துப் போராடினாங்க?"

"என்னைக் கேட்டா?" என்றாள் மனைவி.

பதிப்பாளர் ஃபோனில் வந்தார். "சார், அச்சகத்துல காத்துக்கிட்டிருக்காங்க. முடிவு திருப்தியா இருக்கணும், ஆமா."

"திருப்தியாத்தான் இருக்கு. யாருக்குன்னுதான் தெரியல."

வாசல் மணி அடித்தது. கொடுங்கோலனையும் அடித்துவிட்டு, அவசரமாக எழுதினார்: 'அந்த நேரம் பார்த்து மின்சாரம் போனது. இயந்திரம் நின்றது. நகரம் விடுதலை அடைந்தது.'

அக்கா மகள் செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றவில்லை. தாள்களை வாங்கிக்கொண்டு சோபாவில் சாய்ந்தாள். அவர் சமையலறை வாசலில் பரீட்சை எழுதிய பையன் மாதிரி நின்றார். அவள் கடைசித் தாளை இரண்டு தடவை படித்தாள்.

"பிரமாதம் மாமா!"

"நிஜமாவா?" அவருக்குக் கண்ணே கலங்கிவிட்டது. "குழப்பமா எதுவும் இல்லையே?"

அவள் தாள்களை அடுக்கி மடியில் வைத்துக்கொண்டு மெல்ல இருமினாள்.

"மூலத்தை நான் எப்பவோ படிச்சிட்டேன் மாமா, கிழவி இல்லாம நீங்க எப்படித் தப்பிக்கப்போறீங்கன்னு பார்க்கத்தான் இத்தனை நாளாக் காத்துக்கிட்டிருந்தேன்."