பன்னிரண்டாம் அத்தியாயத்து அப்பாவைப் பற்றி

மதிப்பிற்குரிய பதிப்பாசிரியர் அவர்களுக்கு,

தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் நல்ல சுகத்துடன் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். சுகமாக இருந்தால்தான் இந்தக் கடிதத்தைத் தாங்க முடியும்.

நான் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவன். இந்த ஊரில் பாதிப் பேர் எழுத்தைத் தெளிவாகப் பார்ப்பது என் தயவில். ஆகவே நீங்கள் அச்சிடும் பாவங்களில் எனக்கும் ஒரு பங்கு உண்டு. அட்டையில் இரண்டு சைக்கிள்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நிற்கும் உங்கள் இளைஞர் நாவலை, பதினோராம் வகுப்பில் இருக்கும் என் மகன் சென்ற மாதம் கடை மேசையில் வைத்து, "இதைப் படிங்கப்பா. முடிச்சதும் உங்ககிட்ட ஒண்ணு பேசணும்" என்றான். "இப்பவே பேசேன்டா" என்றேன். "இல்ல, முடிச்சதும்" என்று போய்விட்டான். வாடிக்கையாளர் இல்லாத நேரமெல்லாம் படித்தேன். இரண்டு பையன்கள், உயிர் நண்பர்கள். ஒருவனுக்கு மனச்சோர்வு, படுக்கையை விட்டு எழ முடியவில்லை. இன்னொருவனுக்கு மனம் பெண்கள் பக்கம் போகாமல் பையன்கள் பக்கமே போகிறது. அதை யாரிடம் சொல்வதென்று தெரியாமல் பக்கம் பக்கமாக மழையைப் பார்க்கிறான். மழை அதிகம். அதை மன்னிக்கிறேன். என் மகனின் நண்பன் நெட்டையனுக்கும் இதே மனச்சோர்வுதான். மருத்துவர் மாத்திரை எழுதியிருக்கிறார், என் மகன் பள்ளி விட்டதும் தினமும் அவன் கட்டிலோரம் போய் உட்கார்ந்திருக்கிறான். ஆகவே பேச வேண்டியது நெட்டையனைப் பற்றி என்று முடிவுகட்டி, அவசரப்படாமல் படித்தேன். கண்ணாடிக்கடைக்காரன் கண்ணுக்கு எட்டியது அவ்வளவுதான்.

இப்படியிருக்க, போன வியாழக்கிழமை எங்கள் வாசல் பூட்டு, சாவியைக் கவ்விக்கொண்டு விடமாட்டேன் என்றது. பூட்டுக்காரரைக் கூப்பிட்டேன். பிரித்துப் பார்த்தவர், "இது செத்துப் போச்சு சார், புதுசு போட்டுடலாம்" என்றார். அவர் திருகாணியை முடுக்குகிறார், நான் புதுச் சாவியைத் திருகிப் பார்க்கிறேன், கையிடுக்கில் உங்கள் நாவல், மகன் பள்ளியிலிருந்து வருகிறான். பூட்டைப் பார்த்தான். புத்தகத்தைப் பார்த்தான். "படிச்சு முடிச்சிட்டீங்களாப்பா?" என்றான். ஒரு கதைப்புத்தகத்தை மாதக்கணக்கில் படிக்கிற அப்பன் என்று பூட்டுக்காரர் முன்னால் பெயர் வாங்குவானேன் என்று, "ஓ, முடிச்சாச்சே!" என்றேன். "சரிப்பா" என்று வந்த வழியே திரும்பி நடந்தான்.

பொழுது சாய்ந்தும் ஆளைக் காணவில்லை. அறையில் தேடினால் கட்டிலுக்கு அடியில் ஒரு பை. அதில் சட்டைகள், பல்துலக்கி, பிறப்புச் சான்றிதழ். "உங்களுக்குப் புத்தகம் கொடுத்த அன்னிக்கே கட்டி வெச்சான், ஸ்கூல்ல எங்கேயோ கூட்டிட்டுப் போறாங்கன்னு நெனச்சேன்" என்றாள் என் மனைவி. பிறகு என் கையிலிருந்து நாவலைப் பிடுங்கி, நான் எட்டாத பக்கங்களைப் புரட்டியவள் அலறினாள்: "இதுல வர்ற அப்பன், விஷயம் தெரிஞ்சதும் பையனை வெளியே தள்ளிப் பூட்டை மாத்திடறான்ங்க!"

ஐயா, யார் சொன்னது உங்களுக்கு, அப்பன்கள் இப்படியென்று? காய்ச்சலில் அவன் வாந்தியெடுத்தபோது ஏந்தியது இந்தக் கை. பதினாறு வருஷத்து அப்பனை உங்கள் எழுத்தாளர் ஒரே அத்தியாயத்தில் துடைத்தெறிந்துவிட்டார். பெற்ற பிள்ளைக்கு என்னைவிட உங்கள் அச்சு மைமேல் நம்பிக்கை! அந்த ஆளுக்கு வேறு வில்லன் கிடைக்கவில்லையா? திருடன் இல்லையா, அரசியல்வாதி இல்லையா?

நாவலும் கையுமாக நெட்டையன் வீட்டுக்கு ஓடினேன். அவன் அப்பா, காப்பீட்டு அலுவலகத்தில் பெரிய பதவி, மிக மரியாதையாக உள்ளே அழைத்துப் போய்க் கூடவே நின்றார். என் மகன் கட்டிலோரம் இருந்தான்.

"டேய், பூட்டு கெட்டுப் போச்சுடா! அதான் மாத்தினேன்!"

"முடிச்சாச்சுன்னீங்களே?"

"பொய்டா. நான் இன்னும் அந்த மழையிலேயேதான் நனைஞ்சுக்கிட்டு இருக்கேன்."

சுவரைப் பார்த்துப் படுத்திருந்த, வாரக்கணக்கில் வாய் திறக்காத நெட்டையன், திரும்பாமலே சொன்னான்: "இன்னும் மூணு அத்தியாயம் மழைதான் அங்கிள்."

என் மகன் தரையைப் பார்த்தான். "நானும் அந்தப் பையன் மாதிரிதான்ப்பா."

"தெரியுது. அதுக்கு எதுக்குடா பைய கட்டினே? வீட்டுக்கு வா."

வாசலில் நெட்டையனின் அப்பா, "அப்படி என்ன சார் கதை?" என்று விசாரித்தார். பையனைத் தள்ளிப் பூட்டை மாற்றும் அப்பனைப் பற்றிச் சொன்னேன். உச்சுக் கொட்டினார். "பெத்த பிள்ளைய எந்த அப்பன் சார் வெளிய தள்ளுவான்? இந்த எழுத்தாளனுங்களுக்கு வேற வேலை இல்ல" என்றார். உலகத்தில் என்னைப் புரிந்துகொண்ட ஒரே மனிதர் என்று அவர் கையைப் பிடித்துக் குலுக்கி, நீங்களே படித்துப் பாருங்கள் என்று நாவலையும் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஆகவே அடுத்த பதிப்பில் பன்னிரண்டாம் அத்தியாயத்து அப்பாவைத் திருத்தியாக வேண்டும். அவன் பேந்தப் பேந்த விழிக்கட்டும், பிள்ளையைத் தேடி ஓடட்டும். மந்தமாகப் படிப்பவன் என்றுகூட எழுதிக்கொள்ளுங்கள், வழக்குப் போட மாட்டேன். அப்படியொரு அப்பன் எங்குமே கிடையாது.

எழுத்தாளருக்கு என் ஆசிகள். கண்ணில் கோளாறு இருப்பது எழுத்திலேயே தெரிகிறது. கடைக்கு வரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
அப்படிப்பட்டவன் அல்லாத ஓர் அப்பா

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும்போது கதவு தட்டப்பட்டது. நெட்டையன். காலில் செருப்பில்லை. "அப்பா உங்க பையனோட சேரக்கூடாதுன்னார் அங்கிள். முடியாதுன்னேன். வெளிய போடான்னுட்டார்." நாவலை முழுவதும் படித்துவிட்டுத்தான் இந்த முடிவாம், மனிதர் என்னைப் போல் அல்ல, வேகமாகப் படிப்பவர். மாத்திரையைக்கூட எடுக்க விடவில்லை. நான் போய்த் தெருவே எட்டிப் பார்க்கும்படி கத்தினேன். "இது எங்க குடும்ப விஷயம் சார்" என்று, கதவைத் திறக்காமல் ஜன்னல் கம்பி வழியாக மாத்திரையை நீட்டினார், அதே மரியாதையுடன். பையன் இப்போது என் மகன் அறையில் தூங்குகிறான். ஆகவே, ஐயா, பன்னிரண்டாம் அத்தியாயத்தில் ஓர் எழுத்தையும் மாற்ற வேண்டாம். மேலே திட்டியிருப்பதை எல்லாம் தயவுசெய்து எனக்கே திருப்பி அனுப்பிவிடுங்கள். சேர வேண்டிய இடத்தில் நானே நேரில் சேர்த்துக்கொள்கிறேன்.