கடல் கட்சியும் கண்மாய்க் கட்சியும்

கட்சிக்காரர்களில் கொடி பிடிக்கிறவர்கள் சாதுக்கள். தேர்தல் முடிந்ததும் வீட்டுக்குப் போய்விடுவார்கள். அரைச் செய்திக் கட்சிக்காரர் என்று ஒரு இனம் இருக்கிறதே, அவருக்கு வீடே மேடை. பாதிச் செய்தி கிடைத்தால் போதும். மீதியைத் தாமே தயாரித்து, எதிர்க்கட்சிக்கும் ஆள் பிடித்து, சோறு ஆறிப்போகும்வரை வாதாடுவார். உங்களுக்கும் தெரிந்தவர்தான். பாம்பனில் அவர் பெயர் ஹாஜா முகைதீன், கருவாட்டு வியாபாரி.

பொட்டலம் கட்டும் பழைய பத்திரிகையில்தான் அவருக்கு அந்தச் செய்தி அகப்பட்டது. மண்ணில் வாழும் கிருமியிலிருந்து காசநோய்க்கு மருந்து எடுத்துவிட்டார்களாம். இனிக் கடல் கிருமிகளிலும் தேடினால்... அதற்குமேல் தாள் இல்லை. மறுபாதி நெத்திலியைச் சுமந்துகொண்டு தங்கச்சிமடம் போய்விட்டது. வேறு யாராவது என்றால் வருத்தப்பட்டிருப்பார். இவருக்கு அதுவே வசதி.

"உப்புப் போட்ட மீன்ல ஒரு புழு தங்குதா? அப்பேர்ப்பட்ட உப்புக்குள்ளேயே குடும்பம் நடத்துற கிருமின்னா, அது எம்புட்டுக் கெட்டிக்காரக் கிருமி! அதோட மருந்துக்கு முன்னால மண்ணு மருந்து நிக்குமா?"

இதை அவர் கடையோடு நிறுத்தியிருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. அந்த வாரம் பார்த்துத்தானா அவர் மனைவி தாஜுன்னிசாவின் வலதுகை விரலில் கெளுத்தி முள் ஏற வேண்டும்? விரல் வீங்கி, சிவந்து, உள்ளங்கைவரை தெறித்தது. கம்பவுண்டர் பார்த்துவிட்டு, "ராமநாதபுரம் ஆஸ்பத்திரியில பென்சிலின் போடணும். தள்ளிப் போட்டா விரலை எடுக்க வேண்டிவரும்" என்றார்.

ஹாஜா முகைதீன் ஒரு சட்டி கடல் சேற்றோடு வந்தார்.

"ரெண்டு நாள் பத்துப் போடு. கடல் குத்துனதுக்குக் கடலே மருந்து."

ஆற்றுவதற்குக் கடலுக்கு என்ன அவசரம்? மறுநாள் வீக்கம் மணிக்கட்டைத் தொட்டது. அன்றைக்கென்று ஆர்.எஸ்.மங்கலத்திலிருந்து கருவாடு எடுக்க வந்தார் செல்லச்சாமி. கண்மாய்ப் பாசனத்தில் நெல் போடுகிறவர்; மாமன் மாப்பிள்ளை என்று முறை வைத்துப் பழகுகிறவர். எதிர்க்கட்சி தானாக நடந்து வந்துவிட்டது.

"மாப்ளே, எங்க கண்மாய்ச் சேத்துல ஒரு கை அள்ளிப் பாரு. கிருமி திருவிழாக் கூட்டமா நெரியும். எடத்துக்கு ஒன்னோட ஒன்னு அடிச்சுக்கிட்டுத்தான் மருந்தே பிறக்குது. ஒன் கடல்ல எடத்துக்கா பஞ்சம்? அங்கன எதுக்குச் சண்டை வருது?"

"வலை போடுற எடத்துல வந்து பாருங்க மாமா, சண்டை வருமா வராதான்னு தெரியும்!"

கடை வீட்டின் முன்கட்டிலேதான். தாஜுன்னிசா இடது கையால் தேநீரை வைத்தாள். வைத்தவள் உள்ளே போகவில்லை.

"கிருமி அடிச்சுக்கிட்டா மருந்தாச்சும் வருது. நீங்க ரெண்டு பேரும் அடிச்சுக்கிட்டா சீனிதான் தீருது."

"இரு தாஜு, மாமாவுக்கு ஒரே ஒரு பதில் சொல்லிட்டு வாரேன்."

அந்த ஒரே பதில் எப்போது முடியும் என்பது குடும்பம் நடத்தியவளுக்குத் தெரியாதா? கையைக் கழுவினாள். நாத்தி நூர் நிஷாவைக் கூட்டிக்கொண்டு ரயிலேறி, பாலம் தாண்டிப் போய்விட்டாள். கடையில் இருந்த இருவரும் கவனிக்கவில்லை. கடல் அப்போது ஜெயித்துக்கொண்டிருந்தது.

விளக்கு வைக்கிற நேரத்துக்குத் திரும்பி வந்தாள். கையில் வெள்ளைக் கட்டு. செல்லச்சாமி ஊருக்குப் போயிருக்கவில்லை. ஹாஜா முகைதீன் கட்டைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

"விரலு?"

"இருக்கு. கீறி விட்டு, ஊசி போட்டாங்க. இன்னும் ஒரு நாள் கழிச்சு வந்திருந்தா இருந்திருக்காதாம்."

"அல்ஹம்துலில்லாஹ்" என்று உட்கார்ந்தார். அவள் காலடியில் கிடந்த சேற்றுச் சட்டியைத் தாமே எடுத்து ஓரம் வைத்தார். செல்லச்சாமியும் தலைகுனிந்திருந்தார். எத்தனை நேரம் என்கிறீர்கள்? அவள் ஒரு மிடறு தண்ணீர் குடித்து முடிக்கும்வரை.

"தாஜு... அந்த ஊசி மருந்து மண்ணுலேருந்தா, கடல்லேருந்தான்னு டாக்டரைக் கேட்டியா?"

"நீங்க கேப்பீகன்னு தெரியும், கேட்டுட்டேன். ரெண்டும் இல்லையாம். அழுகுன பழத்துல பிடிக்கிற பூசணமாம்."

இரண்டு கட்சிக்கும் டெபாசிட் போயிற்று. தாஜுன்னிசா நிம்மதியாகத் தலையணையைத் தேடிப் போனாள். அவள் முதுகுக்குப் பின்னால் செல்லச்சாமியின் குரல் மெதுவாகக் கிளம்பியது.

"பழம் மண்ணுலதானே மாப்ளே காய்க்குது?"

"அந்த மருந்து இங்கன வந்தது கப்பல்லதானே மாமா?"

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் இந்தக் கடைசி இரண்டு வாக்கியங்களைப் படித்தபோது, யார் பக்கம் நியாயம் என்று மனசுக்குள் லேசாக ஒரு பக்கம் சாய்ந்தீர்களே, அதை வீட்டில் யாரும் பார்க்கவில்லையே?