கோழியா, முக்காலியா?

"தலைவரே, இதுல எந்த இடத்துல சிரிக்கணும்?"

மருதாசலம் செல்போனை மூக்குக்கு அருகே கொண்டுபோய் அந்தக் கேள்வியை மூன்று தடவை படித்தார். கேட்டவன் சந்தோஷ்குமார். 'கிளீனர் நல்லான்' வாசகர் வட்டத்தில் சேர்ந்து இரண்டு வாரம்தான் ஆகிறது. வட்டத்தில் மொத்தம் நாற்பத்தொரு பேர். மற்ற நாற்பது பேரும் முப்பத்தெட்டு வருஷமாக வாய்விட்டுக் கேட்காமல் வைத்திருந்த கேள்வியை அந்தப் பையன் காலைக் காப்பிக்கு முன்னாலேயே கேட்டுவிட்டான்.

சேலத்தில் அச்சாகி, பிறகு நின்றுபோன ஒரு நாளிதழின் கடைசிப் பக்கத்தில் ஐந்து வருஷம் வந்த படக்கதை 'கிளீனர் நல்லான்'. தினமும் மூன்றே கட்டம். ஒரு லாரி, ஒரு டிரைவர், ஒரு கிளீனர். ஓரத்தில் 'கண்ணுசாமி' என்று சின்னதாகக் கையெழுத்து. பன்னிரண்டு வயதில் அதைப் படித்துப் படித்துச் சிரித்த மருதாசலத்துக்கு இப்போது ஐம்பது. நாமக்கல்லில் டயர் ரீட்ரெடிங் பட்டறை நடத்துகிறார். காலையில் ஆஞ்சநேயரைக் கும்பிட்டதும் செல்போனில் நல்லான் படம் ஒன்றைப் படிப்பார். பிறகுதான் பட்டறைக் கதவு திறக்கும்.

சந்தோஷ்குமார் அனுப்பியிருந்தது எண்பத்தேழாம் வருஷத்துப் படம். முதல் கட்டத்தில் நல்லான் லாரிக்குத் தண்ணீர் ஊற்றுகிறான். இரண்டாம் கட்டத்தில் டிரைவர் தலையை வெளியே நீட்டி, "மழை வருமாடா?" என்கிறார். மூன்றாம் கட்டத்தில் வசனமே கிடையாது. நல்லான் நிற்கிறான். கையில் ஒரு கோழி. காலடியில் ஒரு முக்காலி. அவ்வளவுதான்.

மருதாசலம் பதில் அடித்தார். "நல்லா யோசிங்க. ஞாயித்துக்கெழம கூட்டத்துல சொல்றேன்." கூடவே கண்ணடிக்கிற பொம்மை ஒன்றையும் போட்டார்.

பின்னால் நின்று எட்டிப் பார்த்த மனைவி வள்ளியாத்தாள் கேட்டாள்.

"ஏனுங்க, உங்களுக்குத் தெரியுமா அது?"

"தெரியாது."

"அப்பறம் எதுக்குக் கண்ணடிச்சீங்க?"

"தலைவரா இருந்துக்கிட்டு தெரியாதுன்னு எப்படிச் சொல்றது?"

"தெரியாதுன்னு சொன்னா நாக்கு கழண்டு கீழ உழுந்துருமாக்கும்" என்றபடி அவள் அடுப்பைப் பார்க்கப் போனாள்.

அப்போதே அவள் சொன்னதைக் கேட்டிருக்கலாம். ஆனால் மருதாசலத்துக்கு ஒரு சுபாவம். யாருடைய முகமும் தன்னால் வாடக் கூடாது. முகம் வாடாமல் இருக்க என்ன சொல்ல வேண்டுமோ அதை உடனே சொல்லிவிடுவார். உண்மையா இல்லையா என்பதை அப்புறமாக யோசிப்பார்.

அன்று மதியமே சேலம் அம்மாபேட்டை மாதையனுக்குப் போன் போட்டார். நெசவுத் தறி வைத்திருக்கிற மாதையன் எதையும் இழை இழையாகப் பிரித்துப் பார்ப்பவர்.

"முக்காலிதாங்க விஷயம்" என்றார் மாதையன். "அதுக்கு மூணு காலு. லாரி, டிரைவர், கிளீனர். மூணுல ஒண்ணு ஆடுனாலும் உக்கார முடியாது. நான் இருபது வருஷமா நெனைச்சிட்டு இருக்கறேன், யாருகிட்டயும் சொன்னதில்ல. சரிதானுங்களே?"

அந்தக் குரலில் இருந்த ஆசையைக் கேட்ட பிறகு இல்லையென்று சொல்ல முடியுமா?

"அதேதானுங்க" என்றார் மருதாசலம்.

ஆனாலும் மனது ஒப்பவில்லை. ராசிபுரத்தில் நெய்க்கடை வைத்திருக்கும் மணியனுக்கும் ஒரு போன் போட்டார்.

"முக்காலியில என்னங்க இருக்குது? கோழியப் பாருங்க" என்றார் மணியன். "மழை வாரதுக்கு முன்னாடி கோழி எறகச் சிலுப்புமில்ல? என்னையக் கேக்காதீங்க, இதக் கேளுங்கன்னு நல்லான் தூக்கிக் காட்டறான். நாமக்கல்காரருக்குக் கோழி தெரியாமயா? என்ன, சரிதான?"

"அதேதானுங்க."

ஞாயிற்றுக்கிழமை ராசிபுரத்தில், நெய்க்கடை மாடியில் கூட்டம். மருதாசலம் வாயைத் திறக்கும் முன்பே மாதையன் எழுந்து, "தலைவரு எங்கிட்டச் சொல்லிட்டாரு. முக்காலி" என்றார். மணியன் எழுந்து, "எங்கிட்டயும் சொல்லிட்டாரு. கோழி" என்றார். எல்லாரும் மருதாசலத்தைப் பார்த்தார்கள். அவர் பஜ்ஜித் தட்டைப் பார்த்தார்.

அரை மணி நேரத்தில் வட்டம் இரண்டு துண்டாகியிருந்தது. சேலத்துக்காரர்கள் முக்காலி. நாமக்கல், ராசிபுரத்துக்காரர்கள் கோழி. படத்தில் கோடெல்லாம் நடுங்கியிருக்கிறதே, டிரைவரின் மீசை இடம் மாறியிருக்கிறதே என்று ஒருவர் சொன்னார். நடுக்கம் முக்காலியின் ஆட்டத்தைக் குறிக்கிறது என்றது ஒரு கட்சி. மழைக்குளிர் என்றது இன்னொரு கட்சி.

"கோழியக் கட்டிட்டு அழுவுங்க" என்ற மாதையன், வட்டத்தின் பீரோவைத் திறந்து, தான் சேர்த்துக் கொடுத்திருந்த படங்களின் கட்டை வெளியே எடுத்தார்.

மருதாசலம் எழுந்தார். மாதையனிடம் முதல் இரண்டரை வருஷத்துப் படங்கள் இருந்தன. மணியனிடம் மீதி. மற்றவர்களிடம் இருந்ததெல்லாம் செல்போனில் எடுத்த மங்கல் படங்கள், அச்சுக்கு ஆகாது. இரண்டு கட்டும் சேர்ந்து தைமாதம் புத்தகமாக வருவதாக அச்சகத்தில் பேசி முடித்தாயிற்று. அந்தப் புத்தகத்துக்காகத்தான் பதினோரு வருஷமாக வட்டத்தைக் கட்டிக் காத்துக்கொண்டிருந்தார். கட்டு ஒன்று படியிறங்கிப் போய்விட்டால் எல்லாம் போச்சு.

"இருங்க" என்றார். "நான் கண்ணுசாமி ஐயாவையே கேட்டுட்டேன்."

படியில் ஒரு காலை வைத்த மாதையன் நின்றார்.

"அவரு உசுரோட இருக்காரா?"

அது மருதாசலத்துக்கும் தெரியாது. நல்லானின் லாரி அடிக்கடி மோகனூர்க் கரும்பு லோடு ஏற்றும் என்பது மட்டும் நினைவுக்கு வந்தது.

"இருக்காரு. மோகனூர்ல."

"என்ன சொன்னாரு?"

"நேர்ல வந்தாத்தான் சொல்லுவாராம்."

"அப்ப அடுத்த ஞாயிறு போயிரலாங்க தலைவரே" என்றான் சந்தோஷ்குமார். "வேனுக்கு நான் சொல்லிக்கறேன்."

அன்று வள்ளியாத்தாள் முழுக்கதையையும் கேட்டாள். திட்டவில்லை. "ஆஞ்சநேயருக்கு ஒரு வடமாலை சாத்திட்டு, செவ்வாக்கெழம போயித் தேடுங்க" என்றாள். "அப்படி ஒருத்தரு இல்லாமப் போனா, எல்லாத்துக்கிட்டயும் கைகூப்பி மன்னிப்புக் கேளுங்க."

மோகனூரில் இறங்கி நாலு பேரிடம் விசாரித்தார். படம் வரைகிற கண்ணுசாமியை ஒருவருக்கும் தெரியவில்லை. கரும்பு லாரி பார்த்துப் படம் போட்டிருக்கிறார் என்று சொன்னதும் ஒரு பெரியவர் கேட்டார்.

"ஆலை எடைமேடையில இருந்த கண்ணுசாமியச் சொல்றீங்களா? அவரு எங்கங்க படம் போட்டாரு? அந்தச் சந்துல கடைசி ஊடு, போயிப் பாருங்க."

மருதாசலம் கண்ணை மூடி ஆஞ்சநேயருக்கு இன்னொரு மாலையை நேர்ந்துகொண்டார்.

கதவைத் திறந்த மனிதருக்கு எழுபது வயதிருக்கும். நெற்றி நிறையத் திருநீறு. கிளீனர் நல்லான் என்ற பேரைக் கேட்டதும் முகம் மலர்ந்தது. செல்போனில் அந்தப் படத்தைக் காட்டியதும் மலர்ந்த முகம் சுருங்கியது.

"இதுங்களா" என்றார். "அவ கோயலுக்குப் போயிருக்கறா. வந்ததும் கேட்டுட்டுச் சொல்றனுங்க."

"உங்க படத்துக்கு ஊட்டுல எதுக்குங்க கேக்கோணும்?"

"எதுவா இருந்தாலும் கேட்டுச் செய்யறதுதானுங்க பழக்கம்."

மருதாசலமும் கல்யாணமானவர். அதற்குமேல் கிளறவில்லை. நடந்ததையெல்லாம் ஒளிக்காமல் சொன்னார். கண்ணடித்தது, இரண்டு பேருக்கும் தலையாட்டியது, கேட்காததைக் கேட்டதாகச் சொன்னது, வேன், புத்தகம்.

"கோழின்னாலும் சரி, முக்காலின்னாலும் சரி, நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதுமுங்க. புத்தகம் வந்துரும்."

"கோழியா?" என்றார் கண்ணுசாமி.

"கையில இருக்குதுங்களே."

கண்ணுசாமி படத்தை ஒரு கையெட்டில் வைத்துப் பார்த்தார். பிறகு மூக்கருகே வைத்துப் பார்த்தார். பெருமூச்சு விட்டுச் செல்போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"வாங்க. நம்மளத் தேடி வாரவங்கள வேண்டாம்னு சொல்லக் கூடாது. ஞாயித்துக்கெழம கூட்டிட்டு வாங்க."

வேனில் இடதுபக்கம் முக்காலி, வலதுபக்கம் கோழி. நடுவே மடியில் பூமாலையுடன் மருதாசலம். மாதையன் தன் கட்டை உறையோடு காலடியில் வைத்திருந்தார். முடிவு முக்காலியாக இல்லாவிட்டால் மோகனூரிலிருந்தே பஸ் பிடித்துவிடுவதாகத் திட்டம். மணியன் ஐயாவுக்கென்று ஒரு லிட்டர் நெய் கொண்டுவந்திருந்தார். வேன் குலுங்கும்போதெல்லாம் அதைக் குழந்தையைப் போல நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

கண்ணுசாமி வீட்டு முன்னறையில் இருபத்திரண்டு பேர் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். மாலை போட்டார்கள். அவருடைய மனைவி பூவாத்தாள் எல்லாருக்கும் மோர் கொண்டுவந்தாள். ஆளாளுக்குப் பிடித்த படத்தைச் சொன்னார்கள். லாரிக்கடியில் தூங்கிய நல்லானை விட்டுவிட்டு லாரி கிளம்பிப் போன படம். செக்போஸ்ட்டில் டிரைவருக்குப் பதிலாக எருமை உட்கார்ந்திருந்த படம். சொல்லும்போதே சிரித்தார்கள்.

"அதெல்லாம் எனக்கென்னங்க தெரியும்" என்று ஒவ்வொன்றுக்கும் நெளிந்தார் கண்ணுசாமி. சொல்லிவிட்டு அடுக்களைப் பக்கம் ஒருமுறை பார்ப்பார். எத்தனை அடக்கம் என்று மணியன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கடைசியில் சந்தோஷ்குமார் அந்தப் படத்தை நீட்டினான்.

"ஐயா, இது மட்டும் புரியலைங்க. கோழியா, முக்காலியா?"



"அது கோழி இல்லீங்க" என்றார் கண்ணுசாமி மெல்ல.

முக்காலிக் கட்சி நிமிர்ந்து உட்கார்ந்தது.

"அது குடை."

மாதையன் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"அப்ப முக்காலி எதுக்குங்க?"

"முக்காலி இல்லீங்க. அது நாயி."

"நாயிங்களா?"

"ஆமாங்க. நாலாவது காலு பின்னாடி மறைஞ்சிருச்சு." பெரியவருக்கு லேசாக வியர்த்தது. "டிரைவரு மழை வருமான்னு கேக்கறாரு. நல்லான் ஓடிப் போயி நாய்க்குக் குடை புடிக்கிறான்."

எல்லாரும் மேற்கொண்டு ஏதோ வரும் என்று காத்திருந்தார்கள். வரவில்லை.

"ஏனுங்க புடிக்கிறான்?" என்று கேட்டார் மணியன்.

"நனைஞ்சு போயிருமில்லீங்களா."

இருபத்திரண்டு பேரில் ஒருவர் உதடுகூட அசையவில்லை. கண்ணுசாமி தலையைக் குனிந்து மாலையிலிருந்த சம்பங்கி ஒன்றைக் கிள்ளினார். இன்னொன்றைக் கிள்ளினார். அதை எதிரே உட்கார்ந்திருந்த மாதையன் பார்த்தார்.

மாதையன் சிரித்தார்.

முதலில் தொண்டையைச் செருமுவது போலத்தான் இருந்தது. பிறகு, "நாய்க்கு... குடையா..." என்று தொடையில் தட்டிச் சிரித்தார். அவர் எதற்காகச் சிரிக்கிறார் என்று மணியனுக்கு ஒரு நொடியில் புரிந்துவிட்டது. அதில் மட்டும் சேலத்துக்காரருக்கு விட்டுக்கொடுப்பாரா? "நனைஞ்சு போயிருமாமா" என்று மாதையன் தோளில் சாய்ந்து இன்னும் பலமாகச் சிரித்தார். வலப்பக்கம் சிரித்தது, இடப்பக்கம் சிரித்தது. மோர் ஒருவருக்குப் புரையேறியது. அதைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு நிஜமாகவே வந்த சிரிப்பு. கண்ணுசாமி தலையை நிமிர்த்தினார். அந்த முகத்தில் வந்த வெளிச்சத்தைக் கோயிலில் திரை விலகும்போது பார்க்கலாம். சிரிப்பு வராத இடத்தில் அடுத்தவருக்காகச் சிரிப்பதையும் தர்மக் கணக்கில்தான் ஆண்டவன் எழுதுவான் என்று மருதாசலம் நினைத்துக்கொண்டார்.

நினைத்ததும் அவருக்கே பொறுக்கவில்லை. எழுந்து கைகூப்பினார்.

"எல்லாரும் என்னைய மன்னிக்கோணும். போன வாரம் சொன்னப்ப நான் ஐயாவைப் பார்த்ததுகூட இல்லைங்க. பொய் சொல்லிட்டேன்."

"அது தெரியுமுங்க" என்றார் மணியன்.

"எப்பங்க தெரிஞ்சுது?"

"நீங்க பஜ்ஜியப் பார்த்தப்பவே தெரியும். ஒக்காருங்க தலைவரே."

மாதையன் தன் கட்டை எடுத்து மணியன் மடியில் வைத்தார். புத்தகம் தைமாதமே வரும் என்று முடிவாயிற்று. அட்டையில் எந்தப் படத்தைப் போடுவது என்ற கேள்வி எழுந்ததும் இருபத்திரண்டு பேரும் ஒரே குரலில், "நாயும் குடையும்" என்றார்கள். கண்ணுசாமி மறுத்துப் பார்த்தார். யாரும் கேட்கவில்லை.

கிளம்பும்போது மருதாசலம் காலி டம்ளர்களை அடுக்கிக்கொண்டு அடுக்களைக்குப் போனார். பூவாத்தாள் வாங்கி வைத்தாள்.

"உங்களுக்குத்தானுங்க ரொம்ப சிரமம்" என்றார் அவர். "எங்களுக்கு இத்தனை வருஷம் சிரிப்புக் காட்டுன மனுசரு. அட்டையில அவரு பேரு பெருசா வரும். அந்தக் குடைப் படமும் வரும். வேற படம் நல்லாருக்குமுன்னு உங்களுக்குத் தோணுனாச் சொல்லுங்க, மாத்திரலாம்."

"வேண்டாஞ் சாமி, அதையே போடுங்க" என்றாள் பூவாத்தாள், டம்ளரைக் கழுவிக்கொண்டே. "மூத்தவ பொறக்கறப்ப ரெண்டு மாசத்துக்கு வரைஞ்சு வெச்சுப்போட்டுத்தான் எங்கம்மா ஊட்டுக்குப் போனனுங்க, எண்ணுனதுல ஒண்ணு கொறைஞ்சு போச்சு. அஞ்சு வருசத்துல அவரு வரைஞ்சது அந்த ஒண்ணு மட்டுந்தான்."