பால்மர வீரனின் ஒப்பந்தம்

படம் பார்க்கிறவர்கள் ஓர் இனம். படத்தில் நடிக்கிறவர்களின் ஒப்பந்தத்தைப் பார்க்கிறவர்கள் வேறோர் இனம். இந்த இரண்டாம் இனத்துக்கு ஒப்பந்த நிபுணர்கள் என்று பெயர் வைக்கலாம். உங்களுக்கும் ஒருவரையாவது தெரிந்திருக்கும். திரையில் பறக்கும் வீரன் உலகத்தைக் காப்பாற்றிவிட்டு உயிரை விடுகிறான், அரங்கம் மொத்தமும் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருக்கிறது, அந்த நேரம் பார்த்து உங்கள் காதோரம் ஒரு குரல் கேட்கும்: "காண்ட்ராக்ட் முடிஞ்சிருச்சிலா. அதான் கொன்னுட்டாங்க."

அவர்தான்.

எந்த நடிகர் எத்தனை படத்துக்குக் கையெழுத்துப் போட்டார், யார் சம்பளம் உயர்த்திக் கேட்டு வெளியே போனார், செத்தவர் வேறொரு பிரபஞ்சத்திலிருந்து எப்போது திரும்பி வருவார் என்பதையெல்லாம், கையெழுத்துப் போடும்போது பேனா கொடுத்தவரே தான்தான் என்பதுபோல விவரிப்பார். ஒப்பந்தம் என்ற ஒரு காகிதத்தைக் கண்ணால் கண்டிருக்கிறாரா? அது எதற்கு?

குருண் ஊரில், தாமான் எனப்படும் ஒரு குடியிருப்புக்கு வாய்த்த நிபுணர் புவனேசன். தொழிற்சாலைக் கிடங்கில் சூப்பர்வைசர். நல்ல மனிதர், கொஞ்சம் தொப்பை, தாராளமான குரல், அதன் வாலில் அடிக்கடி ஒரு 'லா'. பக்கத்து வீட்டுக்காரர் பினாங்குக்கு மாற்றலாகிப் போனபோதுகூட, "ரினியூ பண்ணலலா" என்றுதான் சொன்னார். அவர் மனைவி நளினி தமிழ்த் தொடர்கள் பார்ப்பவர். தொடரில் அண்ணியாக நடித்தவர் திடீரென்று காணாமல் போவார், இவருக்குப் பதில் இனி இவர் என்று ஓர் அறிவிப்பு வரும், அடுத்த நிமிடமே நளினி புது அண்ணியைத் திட்டத் தொடங்கிவிடுவார்.

"மூஞ்சியே மாறிடுச்சே, உனக்கு ஒன்னும் தோணலயா?" என்பார் புவனேசன்.

"கொடும அதே கொடுமதானேங்க. யாரு பண்ணா என்னா?"

"சூப்பர் ஹீரோ கதை அப்படி இல்லம்மா. அந்த வேஷம் அந்த ஆளோட உயிரு. ஆள மாத்துனா படம் காலி."

இப்படி ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவரையே ஒரு நாள் சூப்பர் ஹீரோ ஆக்கினான் அருணன். கல்யாண வீடுகளில் வீடியோ எடுக்கும் இளைஞன். மோட்டார் சைக்கிள் திருடர்களைப் பிடிக்கும் 'பால்மர வீரன்' என்று ஒரு குறும்படம் எடுத்தான். ரப்பர் தோட்டத்தில் இடி விழுந்து, மரத்துப் பால் உடம்பில் ஏறி, கைகள் ரப்பர்போல நீளும் ஒருவனின் கதை. மோட்டாரோட்டிகள் போடும் தொளதொள மழைக்கோட்டு, பச்சைச் சாயம் அடித்த ஹெல்மெட், கோட்டின் கைகளுக்குள் இரண்டு மூங்கில் கழி. வீரன் தயார். உள்ளே நிற்க ஆள்தான் வேண்டும். உச்சி வெயிலில் அந்தக் கோட்டைப் போட்டுக்கொள்ளச் சம்மதித்த ஒரே மனிதர் புவனேசன். ஹெல்மெட்டுக்குள்ளிருந்து பேசினால் ஒன்றும் கேட்காது என்பதால், குரலை அருணனே பிறகு கொடுத்துக்கொண்டான்.

படம் கைப்பேசிகளில் பக்கத்து ஊர் புக்கிட் செலம்பாவ் வரைக்கும் ஓடியது. பெட்ரோல் நிலையத்தில் யாரோ ஒருவர் அவரை "வீரண்ணே" என்று கூப்பிட்டார். அதோடு புவனேசன் கைமீறிப் போனார்.

இரண்டாம் பாகம் பேச அருணன் சாலையோர ஒட்டுக்கடைக்கு வந்தான். தே தாரேக் டீ ஆறுவதற்குள் புவனேசன் விரலை மடக்க ஆரம்பித்தார்.

"முதல்ல காண்ட்ராக்ட் பேசணும்."

"என்னாண்ணே காண்ட்ராக்ட்டு? நாம சோறுதானே போடுறோம்."

"சோறு இல்லலா விஷயம். பாதிப் படத்துல ஹெல்மெட்ட கழட்டணும், மூஞ்சி தெரியணும். மூணு பாகத்துக்கும் நான்தான். என்னைக் கேக்காம வீரனைச் சாகடிக்கக்கூடாது."

"மூஞ்சி தெரிஞ்சா திருடன் வீட்டுக்கே வந்துடுவானேண்ணே. கதையே அதுதானே?"

"கதைய மாத்து."

அருணன் கோப்பையை நகர்த்தி வைத்தான். "யான் ஊரு பக்கம் வயல்ல ஓடணும்ண்ணே. வாய்க்கால தாண்டணும்."

"அதுக்கெல்லாம் டூப் போடுலா."

யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு அருணன் எழுந்து போனான். "தவிக்க விடணும், அப்பத்தான் இறங்கி வருவானுங்க" என்று நளினியிடம் விளக்கிய புவனேசன், அன்றிலிருந்து தட்டுக்குப் பக்கத்தில் கைப்பேசியை வைத்துக்கொண்டே சாப்பிட்டார். தவித்தது யார் என்று நான் சொல்லத் தேவையில்லை. ஒரு சனிக்கிழமை நளினி சந்தையிலிருந்து திரும்பி வந்து கேட்டார்: "யான்ல ஷூட்டிங்காமே, நீங்க போவலயா?"

புவனேசன் போன் போட்டார்.

"தப்பா நெனைக்காதீங்கண்ணே," என்றான் அருணன். "பிரேமாவதியக்காவ போட்டுட்டோம்."

பிரேமாவதி பள்ளிக்கூட வேன் ஓட்டுபவர், இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். படிக்கும் காலத்தில் நீளம் தாண்டுவதில் கெட்டிக்காரி.

"வீரனுக்கு லேடியாலா?"

"ஹெல்மெட்டுக்குள்ள யாருன்னு யாருக்குண்ணே தெரியப் போவுது?"

அன்று சாயங்காலம் புவனேசன் யாருக்கும் எந்த ஒப்பந்தத்தையும் விளக்கவில்லை. நளினி பயந்துபோய் அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

தாமான் மண்டபத்தில் படம் போட்டார்கள். புவனேசன் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு போனார். எதற்கு? 'இது நம்ம புவனேசன் இல்லையே' என்று சனம் கூச்சல் போடுவதைக் கேட்க. அப்போது காட்ட வேண்டிய பெருந்தன்மையான புன்னகையைக்கூடக் கண்ணாடியில் பார்த்து வைத்திருந்தார். விளக்கணைந்தது. குனோங் ஜெராய் மலை பின்னால் நிற்க, வரப்பின் மேல் பச்சை ஹெல்மெட் ஓடி வந்தது. அது ஓட்டமா, காற்றா! மூங்கில் கைகள் இரண்டும் ஆட, வாய்க்காலை ஒரே தாவாகத் தாவியதும் மண்டபமே எழுந்து கத்தியது. புவனேசனும் கைதட்டிவிட்டார். தட்டிய பிறகுதான் அவருக்கு ஞாபகம் வந்தது.

கூச்சல் வந்தது. அவர் எதிர்பார்த்த கூச்சல் வரவில்லை. திரையில் பெயர்கள் ஓடத் தொடங்கியபோது சனம் வறுத்த மீகூன் சேமியாவுக்குத் தட்டோடு வரிசையில் நின்றுகொண்டிருந்தது. ஒரு பெயரையும் ஒருவரும் படிக்கவில்லை. எதிர்வீட்டுக் காளியம்மா அவர் தோளில் ஓங்கித் தட்டினார். "தம்பி, வயித்த எங்கடா கழட்டி வச்சிட்டு ஓடுன?"

அவர் வாயைத் திறப்பதற்குள் கோயில் கமிட்டித் தலைவர் சின்னையா மைக்கைப் பிடித்துவிட்டார். "நம்ம பால்மர வீரன், திரு. புவனேசன் அவர்களை மேடைக்கு அழைக்கிறோம்!" பின்வரிசையில் புரொஜெக்டருக்குப் பக்கத்தில் நின்ற அருணன் இரண்டு கைகளையும் வீசி வீசி வேண்டாம் என்றான். தலைவர் அவனுக்குப் பதிலுக்குக் கையசைத்தார்.

மேடை ஏறும்போது உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் புவனேசன் ஏறினார். ஆனால் தோளில் பொன்னாடை விழுந்துவிட்டது. உங்களுக்கு யாராவது பொன்னாடை போர்த்தியிருக்கிறார்களா? அதில் ஒரு சூடு உண்டு, மனிதனை இளக்கிவிடும். மைக்கின் முன்னால் அவர் வாய் தானாகப் பேசியது: "இந்த ஓட்டத்துக்காக நான் எவ்ளோ கஷ்டப்பட்டேன்னு உங்களுக்குத் தெரியாது..."

அப்போதுதான் பிரேமாவதியைப் பார்த்தார். இரண்டாவது வரிசை ஓரத்தில், ஒரு காலை நீட்டி வைத்து உட்கார்ந்திருந்தார். கணுக்காலில் கட்டு. வாய்க்காலைத் தாண்டி இறங்கிய இடத்தில் பிசகிய கால். முறைத்திருந்தால்கூடச் சமாளித்திருக்கலாம். அந்தப் பெண் எல்லோரோடும் சேர்ந்து அவருக்குக் கைதட்டிக்கொண்டிருந்தார்.

புவனேசன் பொன்னாடையின் நுனியைப் பிடித்துக்கொண்டார்.

"நான் ஓடல," என்றார். "அது நான் இல்ல."

சின்னையா மைக்கை எட்டி இழுத்தார். "பாத்தீங்களா, எவ்ளோ அடக்கம்!" முன்னைவிட இரண்டு மடங்கு கைதட்டல்.

"அடக்கம் இல்ல தலைவரே! நெசமா நான் இல்ல! ஓடுனது பிரேமாவதிலா!"

சிரிப்பு வெடித்தது. "தம்பி தமாஷும் பண்ண பழகிட்டான்," என்றார் காளியம்மா. வாழ்க்கையில் முதன்முறையாக, எனக்குப் பதில் இன்னொருவர் நடித்தார் என்று புவனேசன் தொண்டை கிழியக் கத்துகிறார், நம்பத்தான் ஆளில்லை.

கடைசியில் பிரேமாவதியே எழுந்து நொண்டி நொண்டி மேடைக்கு வந்தார். "அண்ணே சொல்றது உண்மதாங்க. வாய்க்கால தாண்டி விழுந்தது நான்தான். கால வேணும்னா பாத்துக்குங்க."

யாரும் சிரிக்கவில்லை. எங்கோ ஒரு மூலையில் ஒரு கை தட்டியது, பிறகு இன்னொன்று, பிறகு நாற்காலிகளையே தட்டினார்கள். தன் முதல் படத்துக்குக் கிடைத்தது இந்த மாதிரிக் கைதட்டல் இல்லை என்பது புவனேசனுக்குத் தெரிந்தது. வலித்தது. என்றாலும் பொன்னாடையைக் கழற்றி அந்தப் பெண்ணின் தோளில் போட்டார். "கொஞ்சம் வேர்வையா இருக்கும், மன்னிச்சுக்கம்மா."

கீழே இறங்கி வந்தவருக்கு நளினி தட்டை நீட்டினார். "உக்காருங்க. மீகூன் ஆறுது." தன் தட்டில் இருந்த முட்டையையும் எடுத்து அவர் தட்டில் வைத்தார்.

இதோடு அவர் திருந்திவிட்டார் என்றா நினைக்கிறீர்கள்? மறுவாரம் ஒட்டுக்கடையில் வடை வாங்க வேனை நிறுத்திய பிரேமாவதியை அவர் விடவில்லை. "தங்கச்சி, அடுத்த பாகத்துக்கு அவசரப்பட்டுத் தலையாட்டிடாத. மூணு படத்துக்குக் கம்மியா ஒத்துக்காத. நீ இல்லாம எவன் அந்த வாய்க்கால தாண்டுவான்?"

"நீங்க இல்லாமலே தாண்டியாச்சேண்ணே!" என்று சிரித்துக்கொண்டே பிரேமாவதி வேனைக் கிளப்பினார்.

நீங்களும் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஒன்று மட்டும் கேட்கிறேன். ஒரு வாரம் லீவு போட்டுவிட்டு வேலைக்குத் திரும்பியதும், 'நான் இல்லாம ரொம்பக் கஷ்டமா இருந்திருக்குமே?' என்று யாரிடமாவது விசாரித்திருக்கிறீர்களா? 'ஒன்னும் பிரச்சனை இல்லயே, எல்லாம் நல்லாத்தான் ஓடுச்சு' என்று அவர்கள் சொன்னபோது உள்ளே எங்கோ சுருக்கென்றதா? அப்படியானால் வாருங்கள், ஒட்டுக்கடையில் புவனேசனுக்குப் பக்கத்து நாற்காலி உங்களுடையதுதான். சீக்கிரம் வாருங்கள். நீங்கள் வராவிட்டால் அதில் வேறு யாராவது உட்கார்ந்துகொள்வார்கள். ஒருவருக்கும் வித்தியாசம் தெரியாது.