யாரும் தேர்ந்தெடுக்காத மூன்றாவது வழி

என் மதிப்புக்கும், சமீப காலமாக என் அச்சத்துக்கும் உரிய அத்தான் அவர்களுக்கு,

மருத்துவமனைச் சலவைப் பிரிவின் மேற்பார்வையாளனும் தங்கள் மனைவியின் ஒரே தம்பியுமான நான் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நான், என் மனைவி, மாமனார், மாமனாரின் வானொலி ஆகிய நால்வரும் நலம். மாமனாருக்குக் காது மந்தம் என்பதால் வானொலி மட்டும் கொஞ்சம் கூடுதல் நலத்தோடு இருக்கிறது. அக்கம்பக்கத்தாரும் எங்களோடு சேர்ந்தே செய்தி கேட்கிறார்கள். தாங்களும் அக்காவும் சௌக்கியம் என்று நம்புகிறேன். தங்கள் முழங்கால் வலி இப்போது எப்படி? இதையெல்லாம் தொலைபேசியிலேயே கேட்டிருக்கலாம். ஆனால், "வாயால சொல்றதெல்லாம் காத்தோட போயிடும் மாப்ளே, எதையும் எழுத்துல குடு" என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் தாங்கள். எழுத்தில் கொடுத்ததால் எனக்கு என்ன ஆயிற்று என்பதை எழுத்திலேயே கொடுக்கத்தான் இந்தக் கடிதம். படிக்கும்போது நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொள்ளுங்கள். எனக்கு அப்படி உட்கார்ந்தே பல நாள் ஆகிறது.

கட்டடத்தின் அடித்தளத்தில் இருக்கும் எங்கள் பிரிவைத் தாங்கள் பார்த்ததில்லை. துவைக்கும் இயந்திரம் ஒன்று, உலர்த்தும் இயந்திரம் ஒன்று, இஸ்திரி மேசை, தையல் மேசை, மடித்த விரிப்புகளை அடுக்க அலமாரிகள். ஆட்கள் என்று பார்த்தால் இஸ்திரிக்காரர், கிழிந்ததைத் தைக்கும் தையல்காரம்மா, பிறகு நான். இதில் உலர்த்தும் இயந்திரத்துக்குத்தான் கொஞ்ச காலமாக உடம்பு சரியில்லை. எவ்வளவு நேரம் சுற்றினாலும் விரிப்பு போட்ட ஈரத்தோடு அப்படியே வெளியே வந்தது. கதவு வேறு நிற்காது; இடுப்பால் ஓர் இடி இடித்து, கயிற்றால் கட்டி, ஒரு பெஞ்சையும் முட்டுக்கொடுத்தால்தான் ஓடும். இந்த மாதிரிச் சமயங்களில் நான் வழக்கமாகச் செய்வது ஒன்று உண்டு. மேல்மாடிக்குப் போய், கொள்முதல் அதிகாரியின் மேசை முன்னால் நின்று பெருமூச்சு விடுவேன். அவர் நிமிர்ந்து பார்ப்பார். மறுபடியும் விடுவேன். சில நாள் இப்படி நடந்ததும், "சரி, பார்க்கலாம் போங்க" என்பார். பிறகு ஏதாவது ஒரு வழி பிறக்கும். என் உத்தியோக வாழ்க்கை முழுவதும் இந்த முறையில்தான் ஓடிற்று. அலமாரி வந்தது, மின்விசிறி வந்தது, தண்ணீர்க் குழாய்கூட மாறியது. அதைத்தான் தாங்கள் கெடுத்தீர்கள்.

ஊரில் உள்ள அலுவலகங்களுக்கெல்லாம் போய் முன்மொழிவு எழுதக் கற்றுக்கொடுக்கும் தங்களிடம் போயும் போயும் இந்தப் பெருமூச்சு விஷயத்தைச் சொன்னேன் பாருங்கள், என்னைச் சொல்ல வேண்டும். "மாப்ளே, பெருமூச்சு விட்டா இரக்கம் வரும், இயந்திரம் வராது. நல்ல புரபோசல் ஒண்ணு எழுது, மேல இருக்கறவன் தானா தேடி வருவான்" என்றீர்கள். மறுவாரமே தங்கள் பயிற்சிக் குறிப்புகள் தபாலில் வந்தன. அட்டையில் தாங்கள் கரும்பலகையைக் காட்டி நிற்கும் படம். என் மனைவி அதைப் பார்த்து, "அண்ணன் எதைக் காட்டுறாரு?" என்று கேட்டாள். எதிர்காலத்தை என்று சொன்னேன். சரியாகத்தான் சொல்லியிருக்கிறேன்.

படிப்பவர் மனம் பதறும்படி பிரச்சினையை முதலில் சொல்ல வேண்டும் என்பது தங்கள் குறிப்பு. சொன்னேன். வலியில் கிடக்கும் நோயாளியின் முதுகுக்கடியில் ஈர விரிப்பு சில்லென்று ஒட்டுவதை நான் எழுதிய விதத்தில், எழுதிய எனக்கே முதுகு சிலிர்த்தது. நிர்வாகக் குழுத் தலைவருக்கும் சிலிர்த்திருக்கிறது. உடனே தலைமைச் செவிலியரைக் கூப்பிட்டு, ஈர விரிப்பில் நோயாளியைப் படுக்க வைத்தது யார் என்று விளக்கம் கேட்டிருக்கிறார். உண்மையில் அந்த அம்மாள் ஒரு விரிப்பைக்கூட ஈரத்தோடு வாங்கியதில்லை. தொட்டுப் பார்த்துத் திருப்பி அனுப்பிவிடுவார். அன்று முதல் அவர் என்னோடு பேசுவதில்லை. அழுக்கு விரிப்புகளையெல்லாம் முடிச்சு மேல் முடிச்சாகப் போட்டு அனுப்புகிறார். அவிழ்த்து அவிழ்த்து என் நகமெல்லாம் போயிற்று.

அடுத்து, வெறும் இயந்திரத்தைப் பற்றி எழுதினால் யாருக்கும் உறைக்காது, ஒரு மனிதரைக் காட்ட வேண்டும் என்றிருந்தது. எங்கள் இஸ்திரிக்காரரைக் காட்டினேன். நனைந்து கனக்கும் துணியைத் தூக்கித் தூக்கி அவர் இடுப்பு படும் பாட்டை ஒரு பத்தி முழுக்க எழுதினேன். அவருக்கு இடுப்பு வலி இருந்தது நிஜம்தான். ஆனால் அந்தப் பத்தியில் இருந்த அளவுக்கு இல்லை. நிர்வாகம் உருகிப்போய் அவரை மருத்துவரிடம் அனுப்பியது. மருத்துவர் என் பத்தியைப் படித்துவிட்டு, சோதித்தும் பார்க்காமல், நீண்ட ஓய்வு எழுதிக்கொடுத்துவிட்டார். போகும்போது இஸ்திரிக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஐயா, எனக்கு இவ்ளோ வலி இருந்துச்சுன்னு எனக்கே தெரியாம போச்சு" என்றார். அன்றிலிருந்து இஸ்திரி போடுவது நான். அவர் இடுப்பு இப்போது என்னிடம் இருக்கிறது.

இதோடு போயிருந்தால் பெருமூச்சோடு விட்டிருப்பேன். எல்லாவற்றுக்கும் சிகரம் அந்த மூன்று வழிகள். படிப்பவர் முன்னால் மூன்று வழிகளை வைக்க வேண்டும், நடுவில் இருப்பது நமக்கு வேண்டியது, மற்ற இரண்டும் யாரும் தொடக்கூட மாட்டாத வழிகளாக இருக்க வேண்டும், அப்போது ஆள் தானாக நடுவில் வந்து விழுவார் என்பது தங்கள் பாடம். முதல் வழியாக, ஒன்றும் செய்யாமல் இருப்பது என்று எழுதினேன். இரண்டாவது, புதிதாக ஓர் உலர்த்தும் இயந்திரம் வாங்குவது. மூன்றாவதுக்கு ஒன்றும் தோன்றாமல் தங்களைத்தான் கேட்டேன். "ஏதாவது தலைகீழா எழுது மாப்ளே, உன் பிரிவையே மூடிடலாம்னு எழுது. எவன் மூடுவான்? ஆனா சும்மா ஒப்புக்கு எழுதாதே, நம்புற மாதிரி எழுது" என்றீர்கள். நம்புகிற மாதிரி எழுதினேன். முதல் இரண்டும் உண்மை என்பதால் எழுத வரவில்லை, அத்தான். மூன்றாவது முழுக்கக் கற்பனை என்பதால் பேனா பறந்தது. துணியை வெளியே கொடுத்து வாங்குவதில் உள்ள நிம்மதி, இயந்திரச் சத்தம் ஓய்ந்த அமைதி, தூண்கள் இல்லாத இந்த விசாலமான கூடத்தில் மருத்துவர்களின் வண்டிகள் வெயில் படாமல் நிற்கும் அழகு என்று எழுதிக்கொண்டே போனேன். மனைவியிடம் படித்துக் காட்டினேன். "மூணாவதுதான் நல்லா இருக்கு" என்றாள். அவளுக்கு முன்மொழிவு நுட்பம் தெரியாது என்று சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது தினமும் சாப்பாட்டோடு சேர்த்துப் பரிமாறுகிறாள்.

குழு கூடிய அன்று என்னையும் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் எத்தனையோ புரபோசல் பார்த்திருக்கேன். எல்லாரும் அதைக் குடு, இதைக் குடுன்னுதான் கேப்பாங்க. தன்னோட பிரிவையே மூடிடுங்கன்னு சொல்றதுக்கு யாருக்கு மனசு வரும்? இவருக்கு வந்திருக்கு" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். நான் எழுந்து நன்றி சொல்லிவிட்டேன். கை தட்டினால் எழுந்து நன்றி சொல்வது மனித சுபாவம் அத்தான், அதைப் பற்றித் தங்கள் குறிப்புகளில் ஓர் எச்சரிக்கைகூட இல்லை. அடுத்த நிமிடம் மூன்றாவது வழி ஒருமனதாக நிறைவேறியது. பிரிவு போனால் என் வேலை போகிறது, வேலை போனால் மருத்துவமனை கொடுத்த இந்த வீடு போகிறது. அவ்வளவையும் நானே எழுதி, நானே நன்றியும் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் கொள்முதல் அதிகாரியின் மேசை முன்னால் போய் நின்று, பழைய வழக்கப்படி பெருமூச்சு விட்டேன். பாராட்டுக்கு ஏங்குகிறேன் என்று நினைத்து மறுபடியும் பாராட்டினார். "சார், அந்த மூணாவது சும்மா வெச்சது சார்" என்றேன். அவர் முகம் மாறியது. "அப்போ ஈர விரிப்பும் சும்மாவா? இடுப்பு வலியும் சும்மாவா?" என்று கேட்டார். இல்லை என்றால் மூன்றாவதும் நிஜம். ஆமாம் என்றால் நான் பொய்யன். வணக்கம் சொல்லிவிட்டுக் கீழே வந்தேன். முதல் முன்மொழிவை மறுத்து இரண்டாவதாக ஒன்று எழுதிக்கொடுத்தேன். அதைக் குழு ஏற்கவும் இல்லை, தள்ளவும் இல்லை. சலவை விஷயத்தில் அனுபவமுள்ள ஒருவரின் கருத்தைக் கேட்பது என்று முடிவெடுத்து, முதல் முன்மொழிவை எழுதியவருக்கே அனுப்பிவைத்திருக்கிறது. அதாவது எனக்கு. என்னை மறுத்து நான் எழுதியது சரிதானா என்று நான் சொல்ல வேண்டும். உறை மேசைமேல் கிடக்கிறது. அதன்மேல் இஸ்திரிப்பெட்டியை வைத்திருக்கிறேன்.

இதற்கிடையில் இயந்திரத்தைக் கழற்றிப் போக எலெக்ட்ரீஷியன் வந்தார். பின்பக்கக் குழாயைப் பிரித்தவர் உள்ளே கைவிட்டு, பஞ்சும் நூலுமாகச் சுருண்டு கிடந்த ஒரு தலையணை உறையை உருவி எடுத்தார். "இதுதான் சார் காத்தை அடைச்சிருக்கு" என்றார். பழையபடி மாட்டி ஓட்டினார். விரிப்புகள் முறுக்கு மாதிரி மொறுமொறுவென்று வந்தன. எனக்கு அழுகை வந்துவிட்டது. ஓடோடிப் போய் அதிகாரியிடம் சொன்னேன். அவர் மகிழ்ந்து போய், "ரொம்ப நல்லதாப் போச்சு, ஓடுற இயந்திரம்னா நல்லா விலை போகும்" என்றார்.

எல்லாவற்றையும்விட என்னைத் தூங்கவிடாமல் செய்வது தையல்காரம்மா சொன்ன ஒரு சொல்தான். "அப்படி என்னதான்யா எழுதினீங்க, எனக்கும் ஒரு தடவை படிச்சுக் காட்டுங்க" என்றார். படித்தேன். இஸ்திரிக்காரரின் இடுப்பு வலிக்குக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மூன்றாவது வழியைக் கடைசி வரை கேட்டார். ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே, "நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. வண்டியெல்லாம் எங்க நிக்கும்னுகூட எழுதியிருக்கீங்க. நாங்க எங்க போய் நிப்போம்னு மட்டும் எழுதல" என்றார். கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். யாரும் தேர்ந்தெடுக்கப் போவதில்லை என்பதால் அந்த வழியில் போகிறவர்களைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை அத்தான். எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஆகவே, தங்கள் முறைப்படியே, இந்த விஷயத்தில் தாங்கள் செய்யக்கூடிய மூன்று வழிகளைப் பணிவுடன் முன்வைக்கிறேன். முதலாவது, தாங்கள் ஒன்றும் செய்யாமல் இந்தக் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, என் நிலைமையை அடுத்த வகுப்பில் ஓர் உதாரணமாகச் சொல்வது. இரண்டாவது, அடுத்த கூட்டத்துக்குத் தாங்களே நேரில் வந்து, மூன்றாவது வழி என்பது வெறும் பயிற்சி உத்தி, அதைச் சொல்லிக்கொடுத்தது நான்தான், மாப்பிள்ளை அப்பாவி என்று குழுவின் முன்னால் சொல்வது. மூன்றாவது, வேலையும் வீடும் போய்விட்ட நான், மனைவி, மாமனார், மாமனாரின் வானொலி எல்லோரும் மூட்டை முடிச்சுகளோடு வந்து, தாங்கள் கரும்பலகையும் வகுப்புச் சாமான்களும் வைத்திருக்கும் தங்கள் மாடி அறையில் நிரந்தரமாகக் குடியேறுவது. விடியற்காலைச் செய்தி முதல் வானொலி பாடும். அதன் சுகத்தை நம்புகிற மாதிரி வர்ணிக்க இப்போது எனக்குத் தெம்பில்லை. எந்த வழி என்று தாங்களே யோசித்து முடிவு செய்யலாம்.

தங்கள் முழங்காலுக்குக் குணம் கிட்டட்டும். அக்காவுக்கு என் அன்பு. தங்கள் மாணவர்கள் அனைவருக்கும் என் அனுதாபங்கள்.

இப்படிக்கு,
தங்கள் பாடத்தை ஒன்றுவிடாமல் கடைப்பிடித்த மைத்துனன்

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போடும் நேரத்தில் அக்கா தொலைபேசியில் கூப்பிட்டாள். தாங்கள் வெளியூர் வகுப்புக்குப் போயிருப்பதாகச் சொன்னாள். என் மனைவி சும்மா இருக்காமல் மூன்று வழிகளையும் அவளுக்குப் படித்துக் காட்டிவிட்டாள். முழுக்கக்கூடக் கேட்கவில்லை, "மூணாவதுதான்" என்றாளாம். நான் பதறிப்போய்த் தொலைபேசியை வாங்கினேன். "டேய், எத்தனை வருஷமா கூப்பிடுறேன். வந்தா சாப்பிட்ட கை காயறதுக்குள்ள டூட்டி இருக்குன்னு ஓடிடுவே. இன்னைக்குத்தான்டா உன் வாயால வர்றேன்னு சொல்லியிருக்கே" என்றாள். அரை மணி நேரத்தில் மறுபடியும் கூப்பிட்டாள். தங்கள் கரும்பலகையை மாடியிலிருந்து இறக்கி, கூடத்துச் சுவரில் சாய்த்து வைத்தாயிற்றாம். மாமனாரின் வானொலிக்கு ஜன்னலோரம் இடமும் பார்த்துவிட்டாளாம்.

ஆகையால் மேலே எழுதிய கோபம், புகார் எல்லாவற்றையும் அடித்துவிட்டதாகப் பாவித்துக்கொள்ளுங்கள். கூட்டத்துக்கு மட்டும் கட்டாயம் வாருங்கள். தையல்காரம்மாவுக்கும் இஸ்திரிக்காரருக்கும் அக்கா இல்லை. பிரிவு பிழைத்தாலும் பிழைக்காவிட்டாலும் நாங்கள் மாடிக்கு வருகிறோம். தங்களிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன், அதற்கு வேறு வழியெல்லாம் வைக்கவில்லை. மூன்றாவது வழி என்பது எதற்காக எழுதப்படுவது என்று அக்காவுக்கு மட்டும் சொல்லிவிடாதீர்கள்.