ஜெசிதாவின் வெளிச்சத்தை அணைத்த சட்டி

அன்புள்ள பெரியண்ணைக்கு,

குருநகரிலிருந்து உங்கள் தங்கச்சி பெர்னடெட். அந்தோனியார் காவலில் நானும் மகள் ஜெசிதாவும் சுகம். நீங்களும் அண்ணியும் கனடாப் பனியில் வழுக்கி விழாமலிருக்க மன்றாடுகிறேன்.

போன மாதம் போனில் என்ன சொன்னீங்கள்? "தேப்பன் செத்து எட்டு மாசம், பெட்டை கம்பஸிலை போத்திலோடை விளையாடுறாள், கெதியாக் கட்டிக் குடு" என்றீங்கள். அந்தப் போத்திலுக்குள் என்ன இருக்குது தெரியுமோ? பார்வைக்கு வெறும் தண்ணீர். நீல ரோச் லைற் அடித்தால் பச்சையாக எரியும். உள்ளே கண்ணுக்குத் தெரியாத துணிக்கைகள் ஒன்றையொன்று கைபிடித்து நிற்குமாம், பிடித்திருக்கும்வரைதான் வெளிச்சமாம். என் பிள்ளை செய்தது, அண்ணை!

அதை அந்தோனியார் சுரூபத்தடியில் மெழுகுதிரிக்குப் பக்கத்தில் வைத்துப் பெருமை பார்த்தேன், வெளிச்சம் செத்துப்போச்சு. குழறினேன். "அம்மா, சூட்டுக்குக் கையை விட்டிட்டுது, ஆறினால் பிடிக்கும்" என்று சிரித்தாள். ஆற, எரிந்தது. பிறகென்ன, அயலட்டைச் சனம் முழுக்கக் கிணற்றுத் தண்ணீரோடு வாசலில். தண்ணீரில் ஈயம் கிடந்தால் அது அணைந்து காட்டிக்கொடுக்குமாம். கிண்ணம் கிண்ணமாய் அதில் கொஞ்சம் கலந்து பார்த்தாள், எல்லாருடைய தண்ணீருக்கும் நன்றாக எரிந்தது. நானும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு எங்கள் அடுப்படித் தண்ணீரை விட்டேன். அணைஞ்சுது. சூடாக்கும் என்று ஐஸ் பெட்டிக்குள் வைத்தும் எரியேல்லை. பக்கத்து வீட்டு ஜெயகௌரி, "அக்கா, உங்கடை வீட்டுத் தேத்தண்ணி இனி வேண்டாம்" என்று எழும்பிப் போயிட்டாள்.

"எந்தச் சட்டியிலை இருந்ததம்மா?" எண்டாள் மகள். என்ரை மனிசன் வலைக்கு ஈயக்குண்டு உருக்கின கைபிடிச் சட்டி. இவர் போனபிறகு அதிலைதான் எனக்குத் தேத்தண்ணி. பிடியிலை அவரின்ரை கை பட்டது அண்ணை, வேறை என்ன? "மினுக்கிக் கழுவினனான் பிள்ளை" எண்டன். "கழுவினாலும் போகாதம்மா. அப்பாவும் போயிட்டார், நீங்களும் போகப்போறியளோ?" எண்டு அழுதாள். அடுத்தநாளே கூட்டிக்கொண்டுபோய் இரத்தம் சோதிப்பிச்சாள். ஈயம் கொஞ்சம் கிடக்குதாம், சட்டியை விட்டால் குறையுமாம்.

ஆகையால், லீவுக்கு வந்து திரும்பும் உங்கள் மச்சான் சுபாஸிடம் சட்டியைக் கொடுத்தனுப்புகிறேன். சமைக்காமல் பத்திரமாக வைத்திருங்கள். என் உயிரைக் காத்த பிள்ளை படித்து முடிக்கும்வரை கலியாணப் பேச்சை எடுக்கவேண்டாம். அண்ணிக்கு என் அன்பு, பேரப்பிள்ளைகளின் நெற்றியில் என் சிலுவை அடையாளம்.

தங்கச்சி,
பெர்னடெட்

பி.கு.: சட்டி வருமெண்டு பாத்துக்கொண்டு இருக்காதேங்கோ. சுபாஸ் வந்தவர், "காணேல்லை" எண்டு அனுப்பிப்போட்டன். கட்டிலுக்குக் கீழை நான் ஒளிச்சதை ஜெசிதா கண்டுபிடிச்சிட்டாள். தேப்பன்ரை சுத்தியலை எடுத்து, ஆணியாலை அடியிலை மூண்டு ஓட்டை போட்டு, அவரின்ரை படத்துக்குப் பக்கத்திலை சுவரிலை கொழுவிவிட்டாள். இப்ப பிடியைப் பிடிக்கலாம், தண்ணி வைக்கேலாது.